ஐ.பி. கொடுக்கலாமா? சம்பளத்தை வைத்து எப்படிப் பார்ப்பது

சென்னையில் கடன் கழுத்தை நெரிக்கும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பேசாம ஐ.பி. குடுத்துடுப்பா." மஞ்சள் நோட்டீஸ் என்பதும் இதைத்தான், திவால் மனு என்பதும் இதைத்தான். சொன்னவருக்குப் பெரும்பாலும் அதற்கு மேல் தெரியாது. கேட்டவர் வீட்டுக்குப் போய் போனில் தேடுகிறார். அமெரிக்கச் சட்டம் வந்து விழுகிறது: சாப்டர் 7, மீன்ஸ் டெஸ்ட், ஆறு மாத வருமானத்தின் சராசரி, அது அந்த மாநிலத்தின் இடைநிலை வருமானத்தைவிடக் கூடவா குறைவா என்ற ஒப்பீடு. படித்துவிட்டு, "எனக்கு முப்பதாயிரம் சம்பளம் வருது, எனக்கெல்லாம் கிடையாதாமே" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக 19 வருடமாக இருக்கிறேன். இந்தத் தப்பான முடிவோடு வருகிறவர்களை மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் இன்று நடைமுறையில் இருக்கும் திவால் சட்டத்தில், இவ்வளவு சம்பளத்துக்குக் கீழே இருந்தால்தான் மனு போடலாம் என்ற வரம்பே கிடையாது. வருமானம் இரண்டு இடத்தில் குறுக்கே வரும். ஒன்று, கடனைக் கட்ட உண்மையிலேயே வழியில்லை என்று காட்டும்போது. இன்னொன்று, கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகு, உங்கள் சம்பளத்தில் எவ்வளவு கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் என்று கணக்குப் போடும்போது.

அந்த 60,000 ரூபாய் வரம்பு

"வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாதாமே?" என்று சிலர் கேட்பார்கள். அது 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் 80ஆம் பிரிவில் இருக்கிறது. சின்னக் கடன் உள்ள ஏழைகளுக்குப் புதுத் தொடக்கம் தரும் ஏற்பாடு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக்கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாதாரணத் தனிநபர்களுக்கு அந்தப் பகுதியை இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்தின் தனிநபர் பகுதி பொருந்துகிறது. நீங்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டவர் என்றால் உங்கள் விவகாரம் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது, தனியாக வக்கீலைப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்தான். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரத் திவால் சட்டம். கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றுக்கும் போட்டது. வெளியூர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம்.

எந்தக் கோர்ட் என்று முதலில் பாருங்கள்

மயிலாப்பூர், தி.நகர், வியாசர்பாடி மாதிரி நகருக்குள் இருப்பவர்களின் மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போகும். சொத்து விவகாரத்தை அங்கே பார்ப்பவர் அபிஷியல் அசைனி. பேப்பரில் 'உயர் நீதிமன்ற சொத்தாட்சியர்' என்று படித்திருப்பீர்களே, அவர்தான். மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நகர எல்லைக்குள் குடியிருந்திருந்தாலோ, வியாபாரம் செய்திருந்தாலோ போதும். குடியிருப்பது வெளியே என்றாலும், எல்லைக்குள் நேரில் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவர் என்றால் அதுவும் செல்லும். தாம்பரத்தில் வீடு, அண்ணா சாலையில் வேலை என்பவருக்கு இது உபயோகப்படும்.

வேலையும் வீடும் தாம்பரத்திலேயே என்றால் செங்கல்பட்டு மாவட்டக் கோர்ட்டுகள், ஆவடி என்றால் திருவள்ளூர் மாவட்டக் கோர்ட்டுகள். எல்லையை ஒட்டிய பகுதிகளில் இருப்பவர்கள் பின்கோடை வைத்து முடிவு செய்யாமல் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தப்பான கோர்ட்டில் போட்டால் மாசக்கணக்கில் காத்திருந்து திரும்பி வரும்.

கடன் பட்டியல்

சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய். அச்சுப்பிழை இல்லை. 1909இல் அது பெரிய தொகை, அப்படியே நிற்கிறது. கடன் 500 ரூபாயைத் தொட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பண டிக்ரிக்காக, அதாவது பணம் கட்டச் சொல்லி கோர்ட் போட்ட தீர்ப்புக்காக, நீங்கள் கைதாகியிருக்க வேண்டும், அல்லது உங்கள் சொத்தின்மேல் ஜப்தி உத்தரவு நிலுவையில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால் மனு போடும் தகுதி வந்துவிடுகிறது. இன்று கடனில் தவிக்கும் யாருக்கும் இது தடையே இல்லை.

ஆனால் பட்டியல் முழுசாக இருக்க வேண்டும். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, ஆப் கடன் எல்லாம் எழுதிவிடுவார்கள். தண்டல்காரரை விட்டுவிடுவார்கள். மச்சானிடம் வாங்கிய கைமாத்து, எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, நண்பனுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து, இதெல்லாம் "அது சொந்தத்துக்குள்ள" என்று வெளியே நின்றுவிடும். எல்லாவற்றையும் எழுதுங்கள். யாருக்கு, எப்போது வாங்கியது, வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, ஈடு என்ன வைத்தது என்று வரி வரியாக.

வருமானம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். போன வருடம் வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மஞ்சப்பையில் வங்கிக் கடிதங்கள், பாதி பிரிக்கவே படாதவை. தம்புச் செட்டி தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பழைய கேஸ் கட்டின் காலிப் பக்கத்தில் கணக்கை எழுதினோம்.

சம்பளச் சீட்டில் மொத்தம் 34,000. பி.எஃப். முதலானவை பிடித்துக் கையில் வருவது 31,000. வாடகை 9,000. மளிகை, பால், காஸ் 9,500. பிள்ளைகள் பள்ளி, வேன் 3,500. கரண்ட், போன், பஸ் 2,500. அம்மாவுக்கு மருந்து 1,500. ஆக 26,000. மிச்சம் 5,000. மாதம் கட்ட வேண்டிய தவணையோ 25,900. மொத்தக் கடன் 7,80,000. வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 5,000 வீதம் அடைக்க 156 மாதம், அதாவது 13 வருடம்.

"கட்ட முடியாது" என்று கோர்ட்டில் சொல்வதற்கு இந்த மாதிரி ஒரு தாள்தான் அடிப்படை. கஷ்டத்தைப் பத்தி பத்தியாக எழுதுவதைவிட இந்தச் சில வரி அதிகம் பேசும்.

அவருடைய வங்கி ஸ்டேட்மென்டைப் புரட்டினேன். திங்கட்கிழமைதோறும் ஆயிரம் ரூபாய் ஜி.பே.யில் வந்திருந்தது. கேட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறாராம். "அதையும் சொல்லணுமா சார்? அது புள்ளைங்களுக்கு." சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். பேனாவை வாங்கி அவரே எழுதினார்: ஞாயிறு வேலை, 4,000. மிச்சம் 9,000 ஆனது. அப்போதும் தவணையில் பாதியைக்கூட அது தொடவில்லை. மறைத்திருந்தால் அந்த நாலாயிரம்தான் அவருடைய மனுவைக் கெடுத்திருக்கும். கணக்கை மறைப்பது, பொய்க் கணக்குக் காட்டுவது இதெல்லாம் அந்தச் சட்டத்திலேயே சிறைத் தண்டனை உள்ள குற்றங்கள். அது போக, கடன் கொடுத்தவரின் வக்கீல் உங்களைக் கூண்டில் நிறுத்திக் கேட்கும் முதல் கேள்வியே "வேற வருமானம் உண்டா?" என்பதாக இருக்கும்.

மாதச் சம்பளக்காரர்கள் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டும், ஒரு வருட வங்கி ஸ்டேட்மென்டும் எடுத்து வையுங்கள். ஓவர்டைம், இன்சென்டிவ், போனஸ் எல்லாம் சேர்த்து 12ஆல் வகுத்து மாதச் சராசரி எழுதுங்கள். ஆட்டோ ஓட்டுபவர், டிபன் கடை வைத்திருப்பவர், துணி வியாபாரி இவர்கள் எக்காரணம் கொண்டும் இரண்டு மூன்று மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆடியில் ஒரு கணக்கு, தீபாவளிக்கு ஒரு கணக்கு, டிசம்பர் மழையில் இன்னொரு கணக்கு. முழு 12 மாதம் எடுத்தால்தான் உண்மை தெரியும். வசூலை வருமானம் என்று எழுதிவிடவும் வேண்டாம். நாளைக்கு 1,500 ரூபாய் ஓட்டினேன் என்றால் காஸ், வண்டி வாடகை, ரிப்பேர் போக மிஞ்சுவதுதான் உங்கள் வருமானம். இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

மனைவியின் சம்பளம்? கடன் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அவர் வருமானம் கடன் கொடுத்தவர்களுக்குப் போகாது. ஆனால் வீட்டுச் செலவை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி வரும். வாடகையை அவர் கொடுக்கிறார் என்றால் அதை உங்கள் செலவில் எழுதாதீர்கள். கடனில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு, அவரும் கடன்பட்டவர்தான்.

சம்பளத்தில் எவ்வளவு போகும்

கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகு, உங்கள் சம்பளத்தில் ஜப்தி செய்யக்கூடிய பகுதியை சொத்தாட்சியரிடம் கட்டச் சொல்லி உத்தரவு போடலாம். எது ஜப்தி செய்யக்கூடிய பகுதி என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருக்கிறது. மொத்தச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொடக்கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. மிஞ்சும் மூன்றில் ஒரு பங்குதான் போகும். ஜீவனாம்ச டிக்ரிக்குக் கணக்கு வேறு.

ஸ்டோர் கீப்பருக்குப் போட்டுப் பார்ப்போம். 34,000இல் 1,000 கழித்தால் 33,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 11,000. கையில் வரும் 31,000இல் இது போனால் 20,000 நிற்கும். வீட்டுச் செலவோ 26,000. ஞாயிறு வேலையைச் சேர்த்தாலும் 2,000 துண்டு விழுகிறது. இது உச்ச வரம்பு, கோர்ட் இதற்குக் குறைவாகவும் சொல்லலாம். ஆனாலும் மனு போடும் முன் இந்த எண்ணைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஐ.பி. கொடுத்தால் முழுச் சம்பளமும் நம் கைக்கு வரும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம்.

சம்பளத்திலிருந்து விலக்காக வைத்த சில படிகளும் பி.எஃப். பணமும் இந்தக் கணக்கில் வராது. கூலித் தொழிலாளர், வீட்டு வேலை செய்பவர் இவர்களின் கூலியை ஜப்தி செய்யவே முடியாது. சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் "கூலியை கோர்ட்டில் பிடிப்போம்" என்று மைக்ரோ ஃபைனான்ஸ் ஆள் மிரட்டினால் அது வெறும் மிரட்டல். இதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

சொத்து

சம்பளம் குறைவாக இருந்து, ஊரில் ஒரு மனை இருந்தால்? மனை விற்றால் கடன் தீரும் என்றால் நீங்கள் திவாலானவர் ஆக முடியாது. அப்படி அறிவித்துவிட்டாலும் பின்னால் ரத்தாகும். அதனால் பூர்வீகச் சொத்தில் பங்கு, மனை, வண்டி, நகை, எல்.ஐ.சி., சீட்டுப் பணம் எல்லாவற்றையும் மதிப்போடு எழுதுங்கள். அறிவிப்பு வந்ததும் உங்கள் சொத்து சொத்தாட்சியர் கைக்குப் போய்விடும். தொழில் கருவி, துணிமணி, பாத்திரம், படுக்கை போன்றவற்றில் 300 ரூபாய் மதிப்புவரைதான் சட்டம் உங்களுக்கு விட்டுவைக்கிறது. இந்த 300 ரூபாயையும் 1909இலிருந்து யாரும் மாற்றவில்லை. மனசு கொதிக்கும் இடம் இது.

பயத்தில் வீட்டைத் தம்பி பேருக்கு எழுதி வைத்துவிட்டு வருகிறார்கள். செய்யாதீர்கள். அறிவிப்புக்கு முன் இரண்டு வருடத்துக்குள் பணம் வாங்காமல் மாற்றிக்கொடுத்த சொத்தை சொத்தாட்சியர் செல்லாததாக்க முடியும். கடைசி மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் வேண்டுமென்றே முன்னுரிமை கொடுத்து அடைத்த கடனும் கேள்விக்கு வரும். மனைவியின் சீதன நகை அவருடையது. ஆனால் அதை உங்கள் பெயரில் அடகு வைத்திருந்தால் ரசீதைப் பட்டியலில் காட்டத்தான் வேண்டும்.

எந்தக் கடன் இதில் தீராது

வீட்டுக் கடன், நகைக் கடன், வண்டிக் கடன் கொடுத்தவர்கள் ஈட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளும் உரிமை அப்படியே இருக்கும். அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடி செய்து பட்ட கடன் இரண்டும், கடைசியில் கோர்ட்டிடம் மற்ற கடன்களிலிருந்து விடுவிப்பு வாங்கினாலும் போகாது. உங்களுக்கு ஜாமீன் போட்டவருக்கும் விடுதலை கிடையாது, பாரம் அவர் தலையில் ஏறும். மனு போடும் முன் அவரை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

செக் திரும்பிய வழக்கு கிரிமினல் வழக்கு, ஐ.பி. அதைத் தடுக்காது. தவணைக்காகப் போட்ட இ.சி.எஸ்., ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் அதே மாதிரி குற்றம் உண்டு. நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள்தான். அந்தக் கவரைப் பிரிக்காமல் வைக்காதீர்கள்.

போடுவதா வேண்டாமா

நான் பார்த்தவரையில், நிலையான சம்பளமும் மூன்று நான்கு வங்கிக் கடனும் மட்டும் உள்ளவர்களுக்கு ஐ.பி. முதல் வழி இல்லை. வங்கியிடம் எழுத்து மூலமாகத் தவணையை நீட்டிக்கக் கேட்பது, ஒரே தடவையில் பேசி முடிப்பது, மக்கள் நீதிமன்றம், இவற்றை முதலில் பாருங்கள். டிக்ரி ஆகி, ஜப்தியும் கைது வாரண்டும் வாசலில் நிற்கிறது, கடன் கொடுத்தவர்கள் பத்து இருபது பேர், யாரும் இறங்கி வரவில்லை என்றால் அப்போது ஐ.பி.க்கு அர்த்தம் உண்டு.

பண டிக்ரிக்குக் கைது என்பது கட்ட வசதி இருந்தும் கட்டாதவரைத்தான். வழியில்லாதவரைச் சும்மா உள்ளே தள்ள முடியாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களைப் பண டிக்ரிக்காகக் கைது செய்யவே முடியாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

"நாங்க ஐ.பி. போட்டு கடனை ஜீரோ ஆக்கித் தர்றோம், முன்பணம் மட்டும் குடுங்க" என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா அப்படி ஓர் இடத்தில் 40,000 கட்டினார். ஆறு மாதம் கழித்து அவர் கையில் இருந்தது ஒரு வாட்ஸ்ஆப் குரூப் மட்டும். மனு எண்கூட இல்லை.

மனு போட்ட பிறகு

மனு போட்ட அன்றே போன் நின்றுவிடாது. அறிவிப்பு உத்தரவு வந்த பிறகுதான் கடன் கொடுத்தவர்கள் தனித்தனியாக உங்கள் சொத்தின்மேல் பாய முடியாது. உத்தரவிலிருந்து 30 நாளுக்குள் கடன், சொத்து, வருமானம் அடங்கிய விவரப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். நீங்கள் டீக்கடை பெஞ்சில் போட்ட தாள் அப்போது கைகொடுக்கும். பட்டியல் கொடுத்தவர் கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்புறம் கோர்ட்டில் பகிரங்க விசாரணை. நேரில் போக வேண்டும், வாய்தா தவறக்கூடாது. முடிவில் விடுவிப்பு கேட்டு மனு. கோர்ட் அதைக் கொடுக்கலாம், தள்ளி வைக்கலாம், இனிமேல் வரும் சம்பாத்தியத்தில் இவ்வளவு கட்டு என்ற நிபந்தனையோடும் கொடுக்கலாம். விடுவிப்பு வரும்வரை, திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலே குற்றம். கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது, எம்.எல்.ஏ. தேர்தலிலும் நிற்க முடியாது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே, வடக்குக் கோட்டைச் சாலைப் பக்கம், மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு, வருமானச் சான்றிதழ் கேட்பார்கள், இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். போனில் கேட்க 15100.

முதல் நாள் வரும்போது ஆதார், ஒரு வருட ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, கடன் பட்டியல், கோர்ட்டிலிருந்தும் வங்கியிலிருந்தும் வந்த ஒவ்வொரு கவரும், எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் கொண்டுவாருங்கள். பிரிக்காத கவர்களைப் பிரித்து, வந்த தேதியை மேலே பென்சிலில் எழுதி, பழையதிலிருந்து புதியதாக அடுக்கி வையுங்கள். மெட்ரோவில் வந்தால் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்குங்கள். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.